பூ மூடிய கேள்விக் கல்

ஒரு காட்டில், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், அருமைநாயகம் என்ற முள்ளம்பன்றி மாசிலாமணி உபதேசியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தார்.

மாசிலாமணி உபதேசியார் ஓர் ஆமை. அந்தக் காட்டு விலங்குகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடைக்கரை மருதமரத்தடியில் கூடி ஆண்டவரைத் தொழுதுவந்தன. பட்டமரத்தில் மரங்கொத்தி கொத்தும் சத்தம்தான் அவர்களுக்குக் கோயில் மணி. உபதேசியார் மருதமரத்தின் வேர்மேல் நின்று பிரசங்கம் செய்வார். முடிந்ததும் மெதுவாக இறங்கிவந்து, எதிரே கிடந்த ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் கல்லுக்குக் கேள்விக் கல் என்று பெயர். அவர் அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எதையும் கேட்கலாம். கேட்டவர் "சரி" என்று சொல்லும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார். எத்தனையோ வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து, கல்லின் நடுவில் ஆமை வயிற்றின் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை உபதேசியார் தம் நகத்தால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஈரத்துல என்ன வேலை ஐயா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"பாசி பிடிச்சிருக்கு. நாளைக்கு நான் வழுக்கி விழுந்தா, சாலமோன் ஒரு மாசத்துக்குச் சிரிப்பான்."

சாலமோன் என்பது பாட்டுக்குழுவை நடத்தும் குரங்கு. யார் எதைச் செய்தாலும் அதையே தானும் செய்துபார்ப்பான்.

அருமைநாயகம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் இரண்டு மாதமாக ஒரு கேள்வி அவர் தொண்டையில் நின்றிருந்தது. எல்லோர் முன்பாகவும் கேட்க முடியாத கேள்வி.

"ஐயா, ஞானப்பூ ஏன் போனா? நான் சரியா ஜெபிக்கலையா?"

ஞானப்பூ அவர் மனைவி. ஆவணியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

உபதேசியார் சுரண்டுவதை நிறுத்தினார். கேள்வி வந்துவிட்டதால், ஈரக் கல் என்றும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது, அருமைநாயகம். நீ ஜெபிச்சதை நான் பார்த்தேன். அதுல ஒரு குறையும் இல்ல. அவ ஏன் போனான்னு எனக்குத் தெரியாது."

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. உபதேசியார் கல்லைவிட்டு இறங்கவில்லை. பிறகு சொன்னார்: "நீ 'சரி'ன்னு சொன்னாத்தான் நான் இறங்கலாம். மறுபடி தூறுது, வே."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அருமைநாயகம் சிரித்தார். "சரி ஐயா" என்றார்.

மறுநாள் மரங்கொத்தி மணி அடித்தது. உபதேசியார் வேர்மேல் ஏறவில்லை. போய்ப் பார்த்தால், கேள்விக் கல்லின் ஓரமாகத் தலையை ஓட்டுக்குள் இழுத்தபடி அடங்கிப்போயிருந்தார். மருதமரத்துக்குக் கீழேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அதன்பிறகு மார்கழி போயிற்று, தை போயிற்று. பிரசங்கம் செய்ய ஆள் இல்லை. எல்லோரும் கூடுவார்கள், சாலமோன் பாட்டு எடுப்பான், கலைந்து போவார்கள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கிழக்கேயிருந்து ஒரு வாசனை வந்தது.

பூ வாசனை அல்ல, பழ வாசனையும் அல்ல. மூக்கில் ஏறினால் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த வாசனைக்குப் பின்னாலேயே ஒரு புனுகுப்பூனை நடந்து வந்தது. குழந்தைகளே, புனுகுப்பூனையின் உடம்பில் பிறவியிலேயே ஒரு வாசனைப் பை உண்டு. ஓடைக்கு இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் புனுகுப்பூனையைப் பார்த்ததில்லை. ஆகையால் அந்த விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"பிரியமானவர்களே, என் பெயர் சுகந்தராஜ்" என்றார் வந்தவர். "நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில் ஆண்டவர் இந்த வாசனையை என்மேல் ஊற்றினார். இது அபிஷேகத்தின் வாசனை. மேய்ப்பன் இல்லாத உங்களிடம் போகச் சொல்லி எனக்கு வெளிப்பாடு வந்தது."

சந்தோஷம் என்ற காட்டுக்கோழிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் பக்தி உள்ளவள், பயமும் உள்ளவள்.

"பாவம் மாசிலாமணி ஐயா" என்றான் சாலமோன், மூக்கை விரித்து விரித்து இழுத்தபடி. "எத்தனை வருஷம் ஊழியம் செஞ்சார். அவர்கிட்ட சேத்து வாசனைதானே வந்துச்சு."

சுகந்தராஜ் வேர்மேல் ஏறிப் பிரசங்கம் செய்தார். குரல் நன்றாக இருந்தது. அழவேண்டிய இடத்தில் அழுதார், எல்லோரும் அழுதார்கள். பிரசங்கம் முடிந்ததும் சந்தோஷம் வழக்கப்படி சொன்னாள்: "ஐயா, அந்தக் கல்லுல வந்து உட்காருங்க. எனக்கு ஒரு சந்தேகம்."

சுகந்தராஜ் கல்லைப் பார்த்தார். அதைப் பற்றி விசாரித்தார். சொன்னார்கள். உடனே அவர் இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"எப்பேர்ப்பட்ட பரிசுத்தவான் உட்கார்ந்த இடம். அதில் உட்கார எனக்குத் தகுதி உண்டா? உங்களுக்குத்தான் அதன் அருகே வரத் தகுதி உண்டா? பூ கொண்டுவாருங்கள்."

விலங்குகள் ஓடி ஓடிப் பூப் பறித்தார்கள். கொன்றைப் பூவும் புங்கம்பூவும் குவிந்து, கல் இருந்த இடம் தெரியாமல் மூடிப்போயிற்று. உபதேசியாரை இவ்வளவு மதிக்கிறவரா என்று எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அருமைநாயகமும் ஒரு கொத்துப் பூ போட்டார். சந்தோஷத்தின் சந்தேகம் என்னவென்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவளும் மறந்துபோனாள்.

அப்புறம் வாரந்தோறும் புதுப் பூ போட்டார்கள். வாரந்தோறும் காணிக்கை வந்தது. தேனடை வந்தது, பழம் வந்தது. சந்தோஷம் தன் முட்டைகளில் இரண்டை ஆசீர்வாதத்துக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆசீர்வாதம் வந்தது, முட்டைகள் வரவில்லை.

வைகாசியில் அருமைநாயகத்தின் ஒரே மகள் கிருபைக்குக் காலில் இலந்தை முள் குத்தியது.

"என்ன புள்ள இது?" என்று கிளையிலிருந்து சாலமோன் கேட்டான். "உடம்பெல்லாம் முள்ளு. அதுல ஒண்ணு கூடிப்போச்சுன்னா அழுகை?"

"உன் வாலுல குத்தியிருந்தா பாட்டாவே பாடியிருப்ப" என்றாள் கிருபை. ஆனால் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. முள் உள்ளேயே ஒடிந்துவிட்டது.

காட்டில் முள் எடுப்பதென்றால் ஒரே இடம்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறைக் குகையில் இருக்கும் கரடி ரத்தினபாய். பச்சிலை அறிந்தவள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். கோயிலுக்கு வருவாள், கடைசியில் உட்கார்ந்து குறட்டை விடுவாள், கேள்வி நேரத்தில் மட்டும் விழித்துக்கொள்வாள். கல்லைப் பூ மூடியபின் அவள் விழிப்பதே இல்லை.

அருமைநாயகம் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தபோது, சுகந்தராஜ் வழியில் வந்தார்.

"எங்கே போகிறாய் மகனே?"

"ரத்தினபாய்கிட்ட ஐயா. முள்ளு எடுக்கணும்."

"கரடியின் பச்சிலையை நம்புகிறாயா, ஆண்டவரை நம்புகிறாயா?"

அருமைநாயகம் மகளின் காலைப் பார்த்தார். இரண்டையும் நம்பலாம் என்று இதுவரை நினைத்திருந்தார்.

"வீட்டுக்குத் திரும்பிப் போ. வெள்ளிக்கிழமை நானே வந்து உபவாச ஜெபம் செய்கிறேன். நீங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிடக் கூடாது. எனக்கு ஒரு பலாப்பழம் மட்டும் வை."

வெள்ளிக்கிழமை வந்தார். ஜெபித்தார். உபவாசம் அப்பாவுக்கும் மகளுக்கும், பலாப்பழம் அவருக்கு. அடுத்த வெள்ளியும் வந்தார். அப்போது கால் கணுவரைக்கும் வீங்கியிருந்தது.

"ஐயா, குறையலையே" என்றார் அருமைநாயகம்.

சுகந்தராஜ் பலாச்சுளையின் கொட்டையைத் துப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொன்னால் வருத்தப்படுவாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. இந்த வீட்டில் மறைந்த பாவம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் உன் மனைவி போனாள். நீ விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள். இப்போது மகளையும் அப்படியே விடப்போகிறாயா?"

குழந்தைகளே, அருமைநாயகம் அந்த வாரம் முழுவதும் சாப்பிடவில்லை, வெள்ளிக்கிழமைக்காகக் கூடக் காத்திருக்கவில்லை. வளை வாசலில் உட்கார்ந்து தன் பாவம் எது என்று தேடிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் சந்தோஷத்தின் தாத்தா கிளறிவைத்த இடத்தில் ஒரு கிழங்கைத் தோண்டித் தின்றது ஞாபகம் வந்தது. ஞானப்பூவிடம் ஒருநாள் கோபமாகப் பேசியது ஞாபகம் வந்தது. இவற்றுக்காகவா ஒருத்தி சாவாள்? அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சுகந்தராஜ் ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறதே. மாசிலாமணி ஐயாவுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறதே.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பெரிய ஜெபம். எல்லோரும் வளை வாசலில் கூடினார்கள். சுகந்தராஜ் வந்ததும் வாசனை கம்மென்று பரவியது. கிருபை காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"இன்றைக்கு நான் தொட்டு ஜெபிப்பேன்" என்று சொல்லி, சுகந்தராஜ் தம் வலது முன்னங்காலை அவளுடைய வீங்கிய காலின்மேல் வைத்து ஓங்கி அழுத்தினார்.

வலி தாங்காமல் கிருபை துள்ளினாள். அவள் முதுகின் முட்களெல்லாம் ஒரே நேரத்தில் சிலிர்த்து நின்றன.

சுகந்தராஜ் "தோத்திரம்" என்று ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வலது முன்னங்காலை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு, மற்ற மூன்று காலால் குதித்தார். வளை வாசலைச் சுற்றி ஒரு சுற்றுக் குதித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஆவி இறங்கிட்டு" என்றாள் சந்தோஷம், நடுங்கிக்கொண்டு.

சாலமோன் வலது கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து முயல்கள் குதித்தன. மான் குதித்தது. சற்று நேரத்தில் காடே மூன்று காலில் குதித்துக்கொண்டிருந்தது.

சுகந்தராஜ் அப்படியே குதித்துக்கொண்டே புதருக்குள் போய்விட்டார். அன்றைக்குப் பலாப்பழத்தைக்கூட எடுக்கவில்லை.

எல்லோரும் போனபின் வளைக்குள் அமைதியாயிற்று.

"அப்பா" என்றாள் கிருபை. "எனக்கு ஆவியும் தெரியல, ஒண்ணும் தெரியல. கால்தான் தெரியுது. தீ மாதிரி இருக்கு."

அருமைநாயகம் குனிந்து அவள் காலை முகர்ந்து பார்த்தார். புனுகு வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. சதை அழுகத் தொடங்கும் நாற்றம். ஞானப்பூ படுத்திருந்தபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சலுக்கு வாசனை கிடையாது. இது தெரிந்தது.

"விடியட்டும் மக்கா" என்றார். "ரத்தினபாய்கிட்ட போவோம்."

"ஐயா சபிப்பாரே?"

"சாபம் என்மேல வரட்டும். கால் உன்னது."

விடிந்ததும் புறப்பட்டார். தன் முள் குத்தாமல் மகளை முதுகில் ஏற்ற முடியாது. ஆகையால் ஒரு பெரிய பாளையில் அவளைப் படுக்கவைத்துப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டே போனார். ஓடையில் பாளை ஓடம்போல் மிதந்தது. அது ஒன்றுதான் அன்றைக்குச் சுலபமாக இருந்தது.

ரத்தினபாய் காலைப் பார்த்தாள். பிறகு அருமைநாயகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம்."

"இன்னும் மூணு நாள் கழிச்சு வந்திருந்தா, நான் பாட்டு மட்டும்தான் பாடியிருக்க முடியும். அதுவும் எனக்கு நல்லா வராது. பிடியும் அண்ணாச்சி அவள."

எருக்கிலையைக் கிள்ளிப் பாலைச் சொட்டுச் சொட்டாகப் புண்ணைச் சுற்றி வைத்தாள். இலையைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தாள். திரும்பத் திரும்பக் கொடுத்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டு நகத்தால் மெல்ல அழுத்தினாள். சீழ் வந்தது. அதோடு சேர்ந்து முள் வந்தது.

ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அருமைநாயகம்.

"இவ்வளவேதான். பாவம் அளவுக்குப் பெரிசா இருக்கும்னு நினைச்சீரோ?"

கிருபை அதற்குள் தூங்கிவிட்டாள். மூன்று வாரத்தில் அவள் முனகாமல் தூங்குவது அதுதான் முதல் தடவை. அருமைநாயகம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வேர்த்திருந்தது, சூடு இறங்கியிருந்தது. குகைச் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதார். ரத்தினபாய் அந்தப் பக்கம் திரும்பி இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்தபின்தான் அவர் மூக்குக்கு அந்த வாசனை எட்டியது.

கிருபையின் காலில் எருக்கம்பால் வாசனைதான் இருந்தது. இது வேறெங்கிருந்தோ வந்தது. அவர் முகர்ந்துகொண்டே போனார். குகை வாசலில், எடுத்த முட்களைப் போடும் குழியில், கறுப்பும் வெள்ளையுமாய் நீளமாக ஒன்று கிடந்தது. முள்ளம்பன்றியின் முள். முனையில் காய்ந்த ரத்தம் இருந்தது. முள் முழுக்கப் புனுகு மணத்தது.

"ரத்தினபாய், இது யாரு கால்ல எடுத்தது?"

"வைத்தியத்துக்கு வந்தவங்க பேரை நான் வெளியே சொல்றதில்ல. எங்க அம்மா சொல்லிக்கொடுத்தது அப்படி." ரத்தினபாய் இலையை அடுக்கிக்கொண்டே பேசினாள். "நேத்து சாயங்காலம் ஒருத்தர் வந்தாரு. வலிக்குது வலிக்குதுன்னு ஊரைக் கூட்டினாரு. ஜெபம் பண்ணும்னு நானும் சொல்லிப் பார்த்தேன். முதல்ல முள்ளை எடுன்னுட்டாரு. அந்த முள்ளு உம்ம வீட்டுச் சாமான். வேணும்னா எடுத்துட்டுப் போம்."

அருமைநாயகம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மரங்கொத்தி மணி அடித்தது. எல்லோரும் மூன்று காலில் குதித்துக்கொண்டு வந்தார்கள். அதுதான் இப்போது புது ஆராதனை என்று சாலமோன் எல்லோருக்கும் பழக்கியிருந்தான். சுகந்தராஜ் வேர்மேல் உட்கார்ந்திருந்தார். வலது முன்னங்காலை நெஞ்சுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்.

பிரசங்கம் முடிந்தது. அருமைநாயகம் எழுந்து முன்னால் போனார். அவர் ஒருநாளும் முன்னால் போனதில்லை. கேள்விக் கல்லின் பக்கத்தில் நின்று, வாலால் பூக்களைக் கூட்டித் தள்ளினார். புதுப் பூவுக்கு அடியில் வாடிய பூ இருந்தது. அதற்கும் அடியில் அழுகிய பூ இருந்தது. கடைசியில் கல் தெரிந்தது. நடுவில் அந்தப் பள்ளம் தெரிந்தது.

"ஐயா, இறங்கி வந்து உட்காருங்க" என்றார். "எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

"பரிசுத்தமான இடத்தைத் தொட்டுவிட்டான்" என்றார் சுகந்தராஜ். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சந்தோஷம் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அருமைநாயகம் இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த முள்ளைப் பிரித்துக் கல்லின்மேல் வைத்தார்.

"கேள்வி பெரிசு இல்ல ஐயா. இந்த முள்ளு யாரு கால்ல இருந்துச்சு?"

புனுகு வாசனை கல்லிலிருந்து கிளம்பிப் பரவியது. முயல்களின் மூக்குகள் ஆடின.

"சபையைக் கெடுக்க வந்த சாத்தானின் கேள்வி இது" என்றார் சுகந்தராஜ். "பிரியமானவர்களே, நம்பாதீர்கள். அந்தக் கரடி எது சொன்னாலும் நம்பாதீர்கள்."

கூட்டத்தின் கடைசியில் குறட்டை நின்றது.

"நான் வாயே திறக்கலையே" என்றாள் ரத்தினபாய்.

அருமைநாயகம் கரடியின் பெயரைச் சொல்லவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் உறைத்தது. சாலமோனுக்குக் கடைசியில் உறைத்தது. தூக்கியிருந்த கையை அவன் மெதுவாகக் கீழே போட்டான்.

"என் மக கால்ல குத்தின முள்ளுக்கு மருந்து வைக்கிறது அவிசுவாசம்னு சொன்னீங்க" என்றார் அருமைநாயகம். அவர் குரல் உயரவில்லை. "நான் ஜெபிக்காததாலதான் அவ அம்மா செத்தான்னு சொன்னீங்க. நான் ஒரு வாரம் அதை நம்பினேன். மடிச்சு வச்சிருக்கிற காலை ஒருதரம் காட்டுங்க ஐயா. காயம் இல்லைன்னா, நான் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்கிறேன்."

சுகந்தராஜ் காலைக் காட்டவில்லை.

அப்போது சந்தோஷம் முகத்திலிருந்து இறக்கையை எடுத்தாள். "என் முட்டை ரெண்டும் எங்க ஐயா?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

சுகந்தராஜ் எழுந்து நின்றார். எழுந்தபோது வலது கால் தரையில் பட்டுவிட, சட்டென்று தூக்கிக்கொண்டார். உள்ளங்காலில் எருக்கம்பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்தக் காட்டின்மேல் சாபம் இறங்கும்" என்றார். "நாளை காலைச் சூரியனை நீங்கள் காண மாட்டீர்கள்."

கிழக்கு நோக்கி மூன்று காலில் நொண்டிக்கொண்டே போனார். இந்தத் தடவை யாரும் கூடவே குதிக்கவில்லை. சாலமோன் மட்டும் பழக்கதோஷத்தில் ஐந்து மரம் தாவிப் பின்னாலேயே போனான். பிறகு திரும்பி வந்தான்.

"ஏன் வந்துட்ட?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

"அங்க நம்ம பாட்டு யாருக்கும் தெரியாது" என்றான் சாலமோன், யாரையும் பார்க்காமல்.

அன்று இரவு நிறையப் பேருக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் வந்தது. வழக்கமாக வரும் நேரத்தில், வழக்கமாக வரும் இடத்தில் வந்தது. முதலில் முயல் ஒன்று சிரித்தது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சந்தோஷம் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்ய யாரும் இல்லை. பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். "கல்லுல யாராவது உட்காருங்களேன்" என்றார்கள். ரத்தினபாய் போய் உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்குப் போதவில்லை.

முதல் கேள்வியைச் சந்தோஷம் கேட்டாள். மாசி மாதத்தில் கேட்க நினைத்து மறந்துபோன அதே கேள்வி: "ஆண்டவர் நம்ம ஜெபத்தைக் கேட்கிறாருன்னா, சிலது மட்டும் ஏன் நடக்கல?"

ரத்தினபாய் வெகுநேரம் தலையைச் சொறிந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

ஐப்பசியில் ஈரக் கல்லில் உட்கார்ந்து மாசிலாமணி ஐயா சொன்ன பதிலும் அதுதான் என்று அருமைநாயகத்துக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் கிருபை நான்கு காலும் தரையில் ஊன்றி நின்றிருந்தாள்.

"சரி" என்றாள் சந்தோஷம்.

அதன்பிறகு அந்தக் கல்லில் யாரும் பூ போடுவதில்லை. நடுவில் அந்தப் பள்ளம் இருக்கிறது. மழை பெய்தால் அதில் இரண்டு கை அளவு தண்ணீர் நிற்கிறது.

நீதி: வாசனையைப் பார்த்து மேய்ப்பனை நம்பாதீர்கள், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறாரா, எழுந்து சபிக்கிறாரா என்று.